பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர முடியாதாம். அதனால் பலகாரமே வேண்டாம் என்கிறாள் சிநேகிதி

தாமிரபரணித் தண்ணீர் (இழையைத் தொடங்கியவர்)
15 அக்டோபர் 2024, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இதைச் சமையல் பகுதியில் போடுவதா குடும்பப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. மட்டுறுத்துநர் விரும்பினால் இடம் மாற்றிக்கொள்ளட்டும்.

எனக்குப் பாளையங்கோட்டை. என் சிநேகிதிக்கு மேலப்பாளையம். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில் தொடங்கிய பழக்கம். அம்மா இருந்த காலத்திலேயே எங்கள் வீட்டுத் தீபாவளிப் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகும். ரம்ஜான் மாதத்தில் அங்கிருந்து நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வரும். பெருநாளைக்குப் பிரியாணி, பக்ரீத்துக்குக் கறி. எந்த வீட்டிலிருந்து எந்தப் பாத்திரம் போனாலும் அது வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, இரண்டு அம்மாக்களும் அப்படிச் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பாதே" என்றாள். முதலில் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் என்றாள். முறுக்குக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் சம்புடத்தில் எதை வைத்துத் திருப்பித் தருவேன், சொல்" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவள் கணவர் வளைகுடா வேலையை விட்டு வந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. இங்கே ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். இவள் ஜாக்கெட் தைக்கிறாள். கல்லூரியில் இரண்டு பிள்ளைகள்.

எங்கள் வீட்டு நிலைமையும் பெரிதாக இல்லை. ஆகஸ்டில் 110 ரூபாய்க்கு வாங்கிய சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட் இப்போது 135. பூண்டு கிலோ 400. துவரம்பருப்பு 170. தேங்காயைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் கீழே வைக்கிறோம். ரேஷனில் 30 ரூபாய் துவரம்பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் வந்தால் அந்த மாதம் மூச்சு விடலாம். எங்கள் கடையில் பருப்பு இன்னும் வரவில்லை.

"அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், விட்டுவிடு, நமக்கும் ஒரு வீடு மிச்சம்" என்கிறார் என் வீட்டுக்காரர். மாமியார் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொடுத்துப் பழகிய கையை விலைவாசியைக் காட்டி மடக்கக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படவில்லை. அனுப்பினால் அவளைக் கடன்காரி ஆக்குகிறேன். அனுப்பாவிட்டால் அவள் வறுமையை ஒப்புக்கொண்டு கதவைச் சாத்துகிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள்?

---

கணக்குப்பிள்ளை
15 அக்டோபர் 2024, இரவு 10.02

அம்மா, மனசு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். எண்ணெய் ஏன் ஏறியது என்பதைப் பலர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு இறக்குமதி வரியை உயர்த்தியது. சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படைச் சுங்கவரி பூஜ்யத்திலிருந்து 20 விழுக்காடு ஆனது. மற்ற தீர்வைகளையும் சேர்த்தால் மொத்தம் 5.5-லிருந்து 27.5. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75-லிருந்து 35.75. நாம் தின்னும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பாமாயிலுக்கு இந்தோனேசியாவும் மலேசியாவும், சூரியகாந்திக்கு ரஷ்யாவும் உக்ரைனும். ஆகவே துறைமுகத்தில் போட்ட வரி உங்கள் வாணலிக்கு வந்து சேர அதிக நாள் ஆகாது.

ஏன் போட்டார்கள்? சோயா விவசாயிக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். சந்தையில் அதற்குக் கீழேதான் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு விலை கிடைக்க வேண்டும் என்றால் மலிவு இறக்குமதியைத் தடுக்க வேண்டும். இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தீபாவளிக்கு ஏழு வாரம்கூட இல்லாதபோதா!

நேற்று வந்த புள்ளிவிவரப்படி செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 9.24 விழுக்காடு. காய்கறி மட்டும் 36-ஐ ஒட்டி. உங்கள் சிநேகிதி சொன்னது கற்பனைக் கஷ்டம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் ஆலோசனை: பட்டியலைச் சுருக்குங்கள், ஆளைச் சுருக்காதீர்கள். ஓர் இனிப்பு, ஒரு காரம். எல்லா வீட்டுக்கும் பத்துப் பத்து.

---

மளிகை அண்ணாச்சி
16 அக்டோபர் 2024, காலை 6.15

தென்காசிப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடை திறக்கும் முன்பு எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை சொன்னது சரி. நான் பார்ப்பதைச் சொல்கிறேன். இரண்டு லிட்டர் வாங்கியவர்கள் அரை லிட்டர் பாக்கெட் கேட்கிறார்கள். பூண்டை 50 கிராம் போடச் சொல்கிறார்கள். துவரம்பருப்புக்குப் பதில் மைசூர்ப் பருப்பு போகிறது. போன டிசம்பரிலிருந்து மஞ்சள் பட்டாணிக்கு இறக்குமதி வரி இல்லை, அதனால் பட்டாணிப் பருப்பு மட்டும் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. கடலைமாவை மிகவும் மலிவாக யாராவது கொடுத்தால் அதில் பட்டாணி மாவு எவ்வளவு என்று கேளுங்கள்.

அப்புறம், தீபாவளிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எங்கள் கடையில் சீனி கூடுதலாக விற்கும். பண்டிகை முடிந்த பிறகு எதற்குச் சீனி என்று என் மகன் கேட்டான். வந்த பாத்திரங்களில் போட்டுத் திருப்பி அனுப்பத்தான். சிலர் அதற்கும் பற்று எழுதச் சொல்கிறார்கள். தங்கச்சி, உங்கள் சிநேகிதி பற்று எழுதச் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

---

கணக்குப்பிள்ளை
16 அக்டோபர் 2024, காலை 8.40

அண்ணாச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு கேள்வி. வரி இல்லாமல் வந்த எண்ணெய் ஏறக்குறைய 30 லட்சம் டன் கையிருப்பில் இருக்கிறது, அது 45 முதல் 50 நாளுக்குப் போதும், அது தீரும் வரை விலையை ஏற்றாதீர்கள் என்று மத்திய உணவுத் துறை நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் எங்கள் தெருவில் மறுநாளே ஏறிவிட்டது. பழைய சரக்குக்குப் புது விலை. அது யார் வேலை?

---

மளிகை அண்ணாச்சி
16 அக்டோபர் 2024, பிற்பகல் 2.30

என்னிடம் கிட்டங்கி இல்லை ஐயா. வாரம் ஒரு முறை 15 கிலோ டின் இறக்குகிறேன். மொத்தக் கடைக்காரர் அன்று இரவே புது விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பழைய விலை அச்சடித்த பாக்கெட் தீரும்வரை அந்த விலைக்குத்தான் கொடுத்தேன். அடுத்த டின்னைப் புது விலைக்கு இறக்கிப் பழைய விலைக்கு விற்றால் அடுத்த மாத வாடகையை நீங்கள் கொடுப்பீர்களா? கையிருப்பு வைத்திருந்தவர்கள் எங்களுக்கு மேலே இருக்கிறார்கள். அவர்களை யாரும் தெருவில் பார்ப்பதில்லை, என்னைத்தான் தினமும் பார்க்கிறார்கள்.

---

ஒற்றை ஆள்
16 அக்டோபர் 2024, மாலை 5.05

எனக்கு இந்தப் பாத்திர மரியாதையே புரியவில்லை. சிநேகிதம் இருந்தால் போனில் பேசுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். எண்ணெய் விற்கிற விலையில் எதற்கு இந்தப் பண்டமாற்று? பக்தி மனசில் இருக்கிறது, முறுக்கில் இல்லை. இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. இந்த வழக்கத்தைக் காப்பாற்ற ராத்திரி முழுவதும் அடுப்படியில் நிற்பது பெண்கள். "மடக்கக் கூடாது" என்று சொல்கிற மாமியார் நிற்கிறாரா? "மிச்சம்" என்று சொல்கிற கணவர் நிற்கிறாரா? அந்தச் சிநேகிதி ஒரு வகையில் உங்களுக்கு விடுதலை கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள்.

---

மேலத்தெரு லாத்தா
16 அக்டோபர் 2024, இரவு 8.50

அஸ்ஸலாமு அலைக்கும். நான் காயல்பட்டினம். அந்தச் சிநேகிதியின் பக்கத்திலிருந்து யாராவது பேச வேண்டும் என்று இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி ஒற்றை ஆள், அடுப்படியைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அந்த வேலையை விட்டுவிட்டால் எங்களிடம் மிஞ்சும் சிநேகிதம் எது என்றும் யோசித்துப் பாருங்கள். எங்களைப் போன்ற பெண்களுக்குக் காபிக் கடையில் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் இல்லை. ஒரு தூக்குவாளியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில்தான் வாசலில் அரை மணி நேரம் நின்று பேசுவோம்.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, தேங்காய்ப்பால், வசதி இருந்தால் கொத்துக்கறி. பள்ளிவாசல் கஞ்சிக்கு அரசு ஒவ்வோர் ஆண்டும் அரிசி தருகிறது. அரிசி மட்டும் கஞ்சி ஆகாது. போன ரம்ஜானில் பூண்டு விற்ற விலைக்கு எங்கள் தெருவில் பூண்டு போட்டார்களா காட்டினார்களா என்று கேலி பேசினோம். ஆனாலும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வரிசையில் நிற்கிற பாத்திரங்களில் பாதி முஸ்லிம் அல்லாத வீட்டுப் பாத்திரங்கள். கஞ்சியைக் கொஞ்சம் இளக்கினார்கள், யாரையும் திருப்பி அனுப்பவில்லை. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டிப் பக்கத்து வீட்டையும் நினைத்துக்கொள் என்றுதான் எங்கள் நபி சொல்லியிருக்கிறார். ஆட்டுக் குளம்பாக இருந்தாலும் கொடுப்பதை அற்பமாக எண்ண வேண்டாம் என்றும் இருக்கிறது.

இதெல்லாம் அந்தச் சிநேகிதிக்கும் தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்கிறாள் என்றால் அவள் நிலைமை வேறு. பக்ரீத்துக்கு அறுக்கும் குர்பானிக் கறியை மூன்று பங்காக்கி, ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தத்துக்கும் சிநேகிதத்துக்கும், ஒன்று ஏழைக்கு என்று பிரிப்போம். பெருநாள் தொழுகைக்கு முன்பு வீட்டில் இருக்கும் தலைக்குத் தலை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி என்று ஏழைகளுக்கு ஃபித்ரா தருமம் கொடுப்போம். அரிசி விலை ஏறினால் அந்தக் கணக்கும் ஏறும். நேற்றுவரை கொடுக்கிற பக்கத்தில் இருந்தவள், இந்த ஆண்டு யாராவது தன் பெயரை வாங்குகிறவர்கள் பட்டியலில் எழுதிவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். உங்கள் பலகாரத்தை அவள் மறுக்கவில்லை, தங்கச்சி. அந்தப் பட்டியலை மறுக்கிறாள்.

வழி ஒன்று சொல்கிறேன். பாத்திரத்தில் அனுப்பாதீர்கள். ஓலைக் கொட்டானில் வைத்து அனுப்புங்கள். கொட்டானைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பிரச்சினை முடிந்தது.

---

தேரிக்காட்டான்
17 அக்டோபர் 2024, காலை 7.20

லாத்தா சொன்ன முதல் பாதியை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். கொட்டானை மட்டும் ஏற்க முடியவில்லை.

நான் நாசரேத் பக்கத்துச் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவச் சபைக்காரன். எங்கள் ஊர்களில் அசனம் என்று ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆலயப் பண்டிகையில் ஊரே சேர்ந்து ஆக்கி, ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. ஒரு வீடு அரிசி கொடுக்கும், ஒரு வீடு ஆடு நேர்ந்துவிடும், ஒரு வீடு விறகு. இந்து வீட்டாரும் காய்கறி கொண்டுவந்து இறக்குவார்கள், பந்தியிலும் உட்காருவார்கள். மிஞ்சியதைத் தூக்குச்சட்டியில் வீட்டுக்கும் கொண்டுபோவார்கள்.

இந்த ஆண்டு கமிட்டிக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஆட்டுக்கறி விலையில் பழைய அளவுக்குப் போட முடியாது. சாம்பார் சோறு போதும் என்று இளைஞர்கள் சொன்னார்கள். கறி இல்லாத அசனம் அசனமா என்று பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் ஆட்டைக் குறைத்து வாழைக்காயைக் கூட்டினோம். சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. மீதிப் பேர் இன்னும் பேசுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் சபையில் ஒருவருக்கு வியாபாரம் நொடித்துவிட்டது. வழக்கமாக ஒரு மூட்டை அரிசி கொடுப்பவர். அந்த ஆண்டு கொடுக்க முடியாததால் பண்டிகைக்கே வரவில்லை. வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினோம். சட்டியைத் திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த ஆண்டு எங்கள் ஆயர் அவர் வீட்டுக்குப் போய், "சமையல்காரர்களோடு பேரம் பேச உங்களை விட்டால் ஆளில்லை, ராத்திரி முழுவதும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்" என்றார். வந்தார். எங்களையெல்லாம் அதட்டி வேலை வாங்கினார். பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

திருப்பித் தர வேண்டாத கொட்டானில் அனுப்புவது, "நீ தர வேண்டாம், உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்" என்று எழுதி அனுப்புவதற்குச் சமம். வள்ளலார் தொடங்கிய வடலூர்த் தருமச்சாலையில் 1867 முதல் அடுப்பு அணையாமல் எரிகிறது. அங்கே சாப்பிடுகிறவர் எதையும் திருப்பித் தருவதில்லை, அது தருமம். இரண்டு சிநேகிதிகளுக்கு நடுவில் தருமம் நுழைந்தால் சிநேகிதம் வெளியே போய்விடும். பாத்திரத்திலேயே அனுப்புங்கள் அக்கா. ஆனால் அவர் எதைத் திருப்பித் தர முடியுமோ அதை நீங்களே உரிமையோடு கேளுங்கள்.

---

மேலத்தெரு லாத்தா
17 அக்டோபர் 2024, காலை 11.00

கொட்டானில் கொடுத்தால் தருமமா? எங்கள் ஊரில் கல்யாண வீட்டில்கூடக் கொட்டானில்தான் கொடுப்பார்கள். தேரிக்காட்டுத் தம்பி கொஞ்சம் அதிகமாக யோசிக்கிறார். ஆனால் உரிமையோடு கேட்பது நல்ல யோசனை. அதை மறுக்கவில்லை.

---

ஒற்றை ஆள்
17 அக்டோபர் 2024, காலை 11.25

கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம், கொட்டானில் கொடுத்தாலும் குற்றம். இதைவிட வருமானவரிப் படிவம் எளிது.

---

மட்டுறுத்துநர்
17 அக்டோபர் 2024, பிற்பகல் 1.15

எந்தக் கட்சி ஆட்சியில் எண்ணெய் எவ்வளவு விற்றது என்ற விவாதத்தில் வந்த பதிவுகளை அரசியல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை பற்றிய சண்டையும் அங்கேதான் இருக்கிறது. இங்கே பேசுபொருளை விட்டு விலக வேண்டாம்.

---

வடமராட்சி
17 அக்டோபர் 2024, இரவு 10.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் விலைகளைப் படிக்கும்போது எனக்கு 2022 நினைவுக்கு வருகிறது. ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை, அந்த ஆண்டு யாருக்கும் வரக் கூடாது. செப்டம்பரில் கொழும்புக் கணக்கில் உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடு. முந்திய ஆண்டு இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்ததில் வயல் விளைச்சல் விழுந்தது. பிறகு டொலர் இல்லை. காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையில் வரிசை, பால்மா கண்ணில் படாது. மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்தன. அதை இங்கே பலர் இன்றும் சொல்வார்கள்.

அந்த ஆண்டு எங்கள் ஒழுங்கையில் (சந்தில்) முதலில் நின்றுபோனது பலகாரம் கொடுத்து வாங்குவதுதான். யாரும் சொல்லி நிறுத்தவில்லை. ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டுக்குச் சங்கடம் கொடுக்க வேண்டாம் என்று தானாகவே நின்றுவிட்டது. பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. கொடுக்கல் வாங்கல் நின்றதும் கதைப்பதும் குறைந்துவிட்டது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதே மற்றவருக்குத் தெரியாமல் போயிற்று. பக்கத்து வீட்டு மாமி இரண்டு நாள் தேநீரோடு இருந்ததை நாங்கள் பிறகுதான் அறிந்தோம்.

அம்மா ஒரு நாள் கொஞ்சம் உளுத்தம்மாக் களி கிண்டி மாமிக்குக் கொடுத்துவிட்டார். கிண்ணம் திரும்பி வந்தபோது அதற்குள் முருங்கையிலை இருந்தது. மாமி வீட்டு வேலியோர மரத்தில் ஒடித்தது. காசு கொடுத்து வாங்கியது அல்ல. அதிலிருந்து ஒழுங்கை முழுவதும் அப்படியே தொடங்கியது. ஒருவர் தேசிக்காய் (எலுமிச்சை), ஒருவர் பப்பாசி, ஒருவர் வெட்டி அடுக்கிய விறகு. கடைச் சாமான் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் செல்வச்சந்நிதிக்குப் போய்ச் சாப்பிட்டு வருவோம், அன்னதானக் கந்தன் என்று பெயர் வாங்கிய கோயில், அங்கே அந்த நாள்களிலும் சோறு கிடைத்தது. ஆனால் கோயிலில் சாப்பிட்டது பசிக்கு. கிண்ணம் போய் வந்தது வேறு காரியத்துக்கு.

உங்கள் சிநேகிதி வீட்டில் மரம் ஏதாவது நிற்கிறதா அக்கா?

---

தாமிரபரணித் தண்ணீர்
18 அக்டோபர் 2024, இரவு 9.45

நிற்கிறது! கொல்லையில் பெரிய முருங்கை. பள்ளிக்கூட நாளில் அதில் ஏறி நான் கம்பளிப்பூச்சிக் கடி வாங்கியிருக்கிறேன். எனக்கு இது தோன்றவே இல்லை. சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை 20 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, அவளுக்கு எதைத் திருப்பித் தர இருக்கிறது என்று நானும் சேர்ந்து கவலைப்பட்டிருக்கிறேன்.

ஒற்றை ஆள் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாமியார், "நான் முப்பது வருஷம் நின்றாகிவிட்டது, இனி பிழிகிறவர்கள் பிழியட்டும்" என்றார். வீட்டுக்காரர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இந்த முறை முறுக்குப் பிழியும் உழக்கு அவர் கையில்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி சொன்ன சீனி விஷயம் என்னை மிகவும் உறுத்திவிட்டது. நான் அனுப்பிய சம்புடத்துக்காக எத்தனை வீட்டில் சீனி பற்று எழுதினார்களோ.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன். போனில் பேசினால் மறுபடியும் வைத்துவிடுவாள்.

---

கணக்குப்பிள்ளை
19 அக்டோபர் 2024, காலை 7.00

கீரை கேட்பது நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேட்ட மாத்திரத்தில் அவர் உங்கள் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிடுவார். நாற்பது வருஷச் சிநேகிதி முட்டாளாக இருக்கமாட்டார். உண்மையிலேயே கீரை வேண்டும் என்றால் மட்டும் கேளுங்கள்.

---

தேரிக்காட்டான்
19 அக்டோபர் 2024, காலை 9.30

கண்டுபிடிக்கட்டும் ஐயா. எங்கள் ஆயரின் தந்திரத்தையும் அவர் கண்டுபிடித்தார். "என்னைச் சாப்பிட வைக்கத்தானே கூப்பிடுகிறீர்கள்" என்று கேட்டார். ஆமாம் என்றார் ஆயர். பிறகும் வந்தார். பேரமும் நன்றாகப் பேசினார், சமையல்கூலியில் கணிசமாகக் குறைத்துக் கொடுத்தார். வேலை பொய்யாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

---

தாமிரபரணித் தண்ணீர்
20 அக்டோபர் 2024, இரவு 10.15

போய்விட்டு வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், கை வலிக்கிறது.

கீரை வேண்டும் என்றேன். "யார் சொல்லிக்கொடுத்து வந்தாய்?" என்றுதான் முதலில் கேட்டாள். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது நடந்துவிட்டது. நான் இந்த இழையைப் பற்றி மறைக்காமல் சொன்னேன், பெயர் எதுவும் போடவில்லை என்றும் சொன்னேன். கோபம் வந்தது. என் கஷ்டத்தை ஊருக்கெல்லாம் வாசித்தாயா என்றாள். அழுதாள். நானும் அழுதேன். அதற்குள் அவள் உம்மா உள்ளேயிருந்து, "வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் என்ன பஞ்சாயத்து?" என்று அதட்டினார்.

பிறகு போனை வாங்கி எல்லாவற்றையும் அவளே படித்தாள். லாத்தா எழுதிய அந்தப் பட்டியல் விஷயத்தில் வெகுநேரம் நின்றாள். "இவர் யார்? என்னைத் தெரியுமா?" என்று கேட்டாள். தேரிக்காட்டுத் தம்பியின் கட்சியில் அவள் சேரவில்லை. கொட்டான் போதும் என்பவர்கள் பக்கமும் இல்லை. பலகாரம் இப்போது வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறாள். பெரிய மகனுக்கு வேலைக்கு ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். அது ஆனபிறகு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவளே செய்வாளாம். அதுவரை தீபாவளி அன்று அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வந்து சாப்பிடலாம், வாங்கிக்கொண்டு போகக் கூடாது என்பது அவள் கணக்கு. எனக்கு அந்த வித்தியாசம் முழுவதும் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது, அது போதும்.

கீரை மட்டும் ஒரு மூட்டை ஒடித்துக் கொடுத்தாள். உருவிக்கொண்டே எழுதுகிறேன், அதனால்தான் கை வலி.

மாமியாருக்குத் திருப்தி இல்லை. பலகாரம் வீட்டைத் தேடிப் போக வேண்டும், ஆள் பலகாரத்தைத் தேடி வரக் கூடாது என்கிறார்.

---

மேலத்தெரு லாத்தா
20 அக்டோபர் 2024, இரவு 11.05

அவரிடம் என் சலாமைச் சொல்லுங்கள். தெரியாதவள்தான், ஆனால் எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆண்டு இருந்தது என்று சொல்லுங்கள்.

---

ஒற்றை ஆள்
21 அக்டோபர் 2024, காலை 8.10

தீபாவளி அன்று உங்கள் வீட்டில் ஒரு பந்தியே இருக்கும் போலிருக்கிறதே. செலவு குறைந்ததா கூடியதா?

---

தாமிரபரணித் தண்ணீர்
21 அக்டோபர் 2024, இரவு 9.00

கூடியது. அதனால்தான் அடுத்த கேள்வி. முறுக்கு எண்ணெய் குடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? நான் அரிசிமாவு நான்குக்கு உளுந்துமாவு ஒன்று போடுகிறேன். போன முறை வாணலி எண்ணெயில் பாதி முறுக்குக்குள் போய்விட்டது. 135 ரூபாய் எண்ணெயை அப்படிக் கொடுக்க முடியாது.

---

மளிகை அண்ணாச்சி
22 அக்டோபர் 2024, காலை 6.10

மாவைத் தளர்வாகப் பிசையாதீர்கள், எண்ணெய் நன்றாகக் காயும் முன்பு பிழியாதீர்கள், வெண்ணெய் அதிகம் போடாதீர்கள். அளவு சரிதான். உளுந்தை வறுத்து அரையுங்கள். இன்னொன்று, வெள்ளிக்கிழமைக்குள் மில்லுக்குப் போய்விடுங்கள் தங்கச்சி. அதற்குப் பிறகு வரிசை தெரு முனை வரை நிற்கும், அவசரத்தில் மிளகாய் அரைத்த இயந்திரத்திலேயே உங்கள் மாவையும் போட்டுவிடுவார்கள்.